டும் கேட்காத காதுக்கு ஒரு பாடத்தொகுப்பு

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த விமர்சனத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். வயது 46. பல் மருத்துவமனை ஒன்றில் பில் போடுகிற வேலை. சங்கீதம் படித்ததில்லை. கைதட்டச் சொன்னால், எல்லோரும் நிறுத்தியபிறகு தனியாக ஒரு தட்டு தட்டி மாட்டிக்கொள்கிற ஆள். போன வருடம் பெல்லி டான்ஸ் வகுப்பில் சேர்ந்தேன். இடுப்பு எப்படியோ வழிக்கு வந்துவிட்டது. நாலு மாதம் ஆனபிறகு டீச்சர் ஓரமாகக் கூப்பிட்டார். "நீங்க பாட்டுக்கு ஆடுறீங்க, டிரம்முக்கு ஆடலை" என்றார். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். வாய்விட்டும் கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில்தான் வீட்டுக்கு வந்து, பெல்லி டான்ஸுக்கு வாசிக்கும் டிரம் தாளங்களைச் சொல்லித்தரும் இந்த ஆன்லைன் பாடத்தொகுப்பை வாங்கினேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை நிறைய எழுதப் போகிறேன், அவர்களும் பாவம், கெட்டவர்கள் இல்லை. ஆரம்பநிலைக்காரர்கள் இந்த மாதிரி ஒன்றை வாங்குமுன் எதைப் பார்க்கவேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

8 வாரப் பாடம். வாரத்துக்கு 3 வீடியோ, ஒவ்வொன்றும் 10லிருந்து 20 நிமிடம். ஒவ்வொரு தாளத்துக்கும் நிமிடத்துக்கு 80, 100, 120 அடி என்று மூன்று வேகத்தில் ஆடியோ. அச்சடித்து ஒட்டிக்கொள்ள ஒரு பிடிஎஃப். கூடவே தபாலில் ஒரு செட் விரல் ஜால்ரா. ஒருவர் டிரம் வாசிக்கிறார், பக்கத்தில் ஒரு பெண் ஆடிக் காட்டுகிறார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். வசனவரி தானாக ஓடுவது, யாரும் திருத்தவில்லை. 'மக்ஸூம்' என்ற தாளத்தின் பெயர் திரையில் 'மேக்ஸ் சம்' என்று ஏதோ ஆள் பெயர் மாதிரி வரும். வாசிப்பவர் டிரம்மின் கனத்த அடியை 'டும்' என்று சொல்லும்போதெல்லாம் முட்டாளைக் குறிக்கும் 'டம்' என்ற ஆங்கிலச் சொல் வந்துபோகும். முதல் வாரம் என்னைத்தான் சொல்கிறதோ என்றிருந்தது.

அந்த முதல் வாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தொகுப்பிலேயே உருப்படியானது அதுதான். ஆடவே விடமாட்டார்கள். உட்கார்ந்து வாயால் சொல்லவேண்டும், அவ்வளவுதான். எகிப்தில் இந்த டிரம்மை 'தப்லா' என்கிறார்கள். நமக்குத் தெரிந்த ஜோடித் தபேலாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கோப்பை வடிவம், ஒரே முகம், மடியில் சாய்த்து வைத்து வாசிப்பது. துருக்கியில் தர்புகா, லெபனானில் தெர்பக்கே. அந்தக் காலத்தில் சுட்ட களிமண் உடம்பும் மீன்தோலும் ஆட்டுத்தோலும். இப்போது பெரும்பாலும் வார்ப்பு அலுமினியமும் பிளாஸ்டிக் தோலும். தோலின் நடுப்பக்கம் அடித்தால் டும். அதே கையால் விளிம்பில் அடித்தால் டெக். விளிம்பிலேயே மறு கையால் அடித்தால் கா. இந்த மூன்று சொல்லைத்தான் வாரம் முழுக்க மென்றேன். குளிக்கும்போது, படியேறும்போது, சிக்னலில் நிற்கும்போது. வாய் பழகாததைக் கால் பழகாது என்று அந்த வாசிப்பவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது வாரம்தான் சோதனை. மூன்று தாளம் ஒரே வாரத்தில். பிடிஎஃப்பில் இப்படி இருந்தது:

மக்ஸூம்: டும் டெக் – டெக் டும் – டெக் –
பலதி: டும் டும் – டெக் டும் – டெக் –
ஸயீதி: டும் டெக் – டும் டும் – டெக் –

கோடு போட்ட இடம் காலி. காகிதத்தில் பார்த்தால் பளிச்சென்று வித்தியாசம் தெரிகிறது. ஆடியோவைப் போட்டால் மூன்றும் ஒன்றேபோல். பாட முடிவில் ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள்: பத்து துண்டு ஒலிக்கும், எது எந்தத் தாளம் என்று அழுத்தவேண்டும். எனக்குப் பத்துக்கு மூன்று. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் அவ்வளவு வந்திருக்கும். ஐந்து நாள் தொடர்ந்து எழுதினேன். அதிகபட்சம் நாலு. என் காதே இப்படித்தான், கைதட்டத் தெரியாத ஜென்மம், இதையெல்லாம் பிறவியிலேயே கொடுத்திருக்கவேண்டும் என்று ஒரு ராத்திரி கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

என் மகள் எட்டிப் பார்த்தாள். நான் போனைக் கண்ணாடித் தம்ளரில் சாய்த்து வைத்து, குனிந்து காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, போன் ஸ்பீக்கர்ல பேஸ் எங்கம்மா கேக்கும்?"

அவளுடைய பெரிய ஹெட்போனைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டினாள். டும் வந்து தாடையில் இறங்கியது. அதுவரை நான் டும்மைக் கேட்டதே இல்லை! வகுப்பில் பெரிய ஸ்பீக்கர்தான், ஆனால் அங்கே வயலினும் அக்கார்டியனும் சேர்ந்து வரும், என் கவனம் அதன் பின்னாலேயே போய்விடும்.

பிறகு நிதானமாக உட்கார்ந்து பிடிஎஃப்பைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எட்டு இடத்தை எண்ணிப் பாருங்கள். மூன்று தாளத்திலும் அடி விழுவது 1, 2, 4, 5, 7ஆவது இடத்தில். காலி இடம் மூன்றுக்கும் 3, 6, 8. எலும்புக்கூடு ஒன்றுதான். அந்த ஐந்து அடியில் எது எது டும் என்பதில் மட்டும்தான் வேறுபாடு. மக்ஸூமுக்கு ஒன்றும் ஐந்தும். பலதிக்கு ஒன்று, இரண்டு, ஐந்து. ஸயீதிக்கு ஒன்று, நாலு, ஐந்து. போனுடைய குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த சத்தத்தைத் தள்ள முடியாது. டும்மின் கனம் முழுக்க அந்தத் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. கனத்தை எடுத்துவிட்டால் டும்மும் டெக்கும் ஒரே 'டொக்'. அப்புறம் மூன்று தாளமும் ஒன்றாகத்தானே கேட்கும்? என் காதில் பிழை இல்லை.

இதுதான் எனக்கு அவர்கள்மேல் உள்ள பெரிய மனத்தாங்கல். 'போனிலேயே கற்கலாம், எங்கும் கற்கலாம்' என்று முகப்பிலேயே போட்டு விற்கிறார்கள். 'ஹெட்போன் இல்லாமல் இரண்டாம் வாரத்தைத் தொடாதீர்கள்' என்று ஒரு வரி போட்டிருந்தால் ஐந்து நாள் அழுகை மிச்சம். அன்று ராத்திரியே பரீட்சை எழுதினேன். பத்துக்கு எட்டு.

காலி இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அடி எல்லோருக்கும் வந்துவிடும், சும்மா இருப்பதுதான் வராது. என்னைப் போன்றவர்கள் மூன்றாவது இடத்தைப் பாதியாக விழுங்கிவிட்டு நாலாவதுக்குப் பாய்வோம். வீடியோவில் 'காத்திருங்கள், அவசரப்படாதீர்கள்' என்கிறார்களே தவிர எப்படிக் காத்திருப்பது என்று சொல்லவில்லை. நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். கோடு வரும் இடத்தில் உதட்டை மூடி 'ம்' போட்டேன். டும் டெக் ம் டெக் டும் ம் டெக் ம். வாய் மூடியிருக்கும்போது அடுத்த சொல்லுக்குப் பாய முடியாது. ஒரு வாரத்தில் 'ம்' தானாகவே சத்தம் இழந்து, வெறும் உதடு மூடலாகிவிட்டது. இப்போது ஆடும்போதுகூட அந்த இடத்தில் என் உதடு மூடுகிறது என்று டீச்சர் சொல்கிறார். மேடையில் பார்க்க நன்றாக இருக்காதாம். போகட்டும்.

ஆடிக் காட்டும் பெண் நல்ல ஆசிரியை. டும்முக்கு உடம்பின் பாரத்தைக் கீழே இறக்கு, டெக்குக்கு இடுப்பை மேலே அல்லது வெளியே தள்ளு என்று ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு மூன்று வாரத்தை ஓட்டுகிறார். எப்போதும் அப்படியேதான் ஆடவேண்டும் என்றில்லை, முதலில் உடம்புக்கு மேடு பள்ளம் தெரியட்டும் என்கிறார். அப்படி ஆடும்போது ஸயீதி உடனே பிடித்துப்போனது. நடுவில் அடுத்தடுத்து விழுகிற அந்த இரண்டு டும்! தரையில் கம்பை ஊன்றுகிற மாதிரி. அது சும்மா உவமையும் இல்லை. ஸயீத் என்பது மேல் எகிப்து. நைல் வடக்கே பாய்வதால் வரைபடத்தில் அது கீழே, தெற்கில் இருக்கும். அங்கே ஆண்கள் ஆடும் கம்பாட்டம் தஹ்தீப். 2016இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. பெண்கள் மேடையில் கைத்தடியோடு ஆடுவதற்கும் அங்கிருந்துதான் வேர். பாடத்தில் இதற்கு ஒதுக்கியது மொத்தம் நாலு நிமிடம். எனக்கோ நாலு மணி நேரம் சொன்னாலும் கேட்கத் தயார். தாளத்துக்கு ஊர் தெரிந்துவிட்டால் மறக்காது. 'பலதி' என்றால் 'என் நாட்டுது, நம்மூர்து' என்று சொன்னார்களே, அன்றிலிருந்து அந்த முதல் இரண்டு டும்மும் கதவைத் திறந்து உள்ளே வா என்று கூப்பிடுகிற மாதிரிதான் எனக்குக் கேட்கிறது.

மல்ஃபூஃப் தாளத்தை நான் கற்றது வீடியோவில் இல்லை, ஆபீஸில். டும் – – டெக் – – டெக் – என்று போகும். மூன்று, மூன்று, இரண்டு. வேகமானது, ஆடுபவர் மேடைக்குள் வரும்போதும் வெளியே போகும்போதும் வாசிப்பது. பெயருக்கு 'சுற்றப்பட்டது' என்று பொருள், லெபனான், சிரியா பக்கம் முட்டைக்கோசுக்கும் அதே பெயர். எவ்வளவு எண்ணினாலும் அந்தக் கடைசி இரண்டை நான் மூன்றாக இழுத்துவிடுவேன். ஒருநாள் ரசீது பிரிண்டர் காகிதத்தை இழுக்கும்போது கவனித்தேன். ஒரு கனத்த இழுப்பு, அப்புறம் ஒரு தட்டு, சட்டென்று இன்னொன்று. அச்சு அசல் மல்ஃபூஃப். என்னையறியாமல் வாய் சேர்ந்துகொண்டது. கன்னம் வீங்கி நின்றிருந்த ஒரு பெரியவர் கவுன்டரில் குனிந்து, "ஏதாவது சொன்னீங்களாம்மா?" என்றார். "ரசீது வருது சார்" என்றேன். அன்றைக்கு மட்டும் நாற்பது ரசீது போட்டிருப்பேன், நாற்பது தடவை பயிற்சி.

அய்யூபுக்கு வருவோம். டும் – – கா டும் – டெக் –. ஸார் என்ற, ஆவியைச் சாந்தப்படுத்தும் சடங்கோடு சேர்ந்த தாளம். மெதுவாக ஆரம்பித்து விறுவிறுவென்று ஏறும். அது சிலருக்கு நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம், வேடிக்கையாக ஆடாதீர்கள் என்று பாடத்தில் ஒரு நிமிடம் நிறுத்திச் சொன்னார்கள். மரியாதையான காரியம். 120 வேகத்தில் தலையைச் சுழற்றப் போய் எனக்குச் சோபாவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கழுத்துவலிக்காரர்கள் தலையை விட்டுவிட்டுத் தோளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மஸ்மூதி கபீர் எனக்கு அலுப்பு. எட்டு அடி, ஆமை வேகம்: டும் டும் – டெக் டும் – டெக் டெக். ஆனால் ஒரு சுவாரசியம் உண்டு. பலதிக்கு இன்னொரு பெயர் 'மஸ்மூதி ஸகீர்', அதாவது சின்ன மஸ்மூதி. பெரியதைப் பாதியாகச் சுருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய சின்னது வரும். இதைப் பிடிஎஃப்பின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். வீடியோவில் சொன்னதாக நினைவில்லை.

ஆறாவது வாரம் விரல் ஜால்ரா. எகிப்தில் ஸாகாத், துருக்கியில் ஸில். கைக்கு இரண்டு, கட்டைவிரலில் ஒன்று, நடுவிரலில் ஒன்று. தொகுப்போடு வந்தது சுத்த மோசம். நடுவில் ஒற்றை ஓட்டை, அதில் கோத்த எலாஸ்டிக் தொளதொள. முதல் நாளே ஒன்று விரலைவிட்டுப் பறந்து பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது, துடைப்பக் குச்சியால் துழாவி எடுத்தோம். சத்தமும் தகரடப்பா மூடி மாதிரி. பிறகு வேறு இடத்தில் வாங்கினேன். ஒற்றை ஓட்டைக்குப் பதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் போட்டிருக்கும். எலாஸ்டிக் பட்டையாக உட்காரும், ஜால்ரா திரும்பாது. நகத்துக்கும் முதல் கணுவுக்கும் நடுவில், விரல் நுனி லேசாகச் சிவக்கிற அளவுக்கு இறுக்கித் தைத்துக்கொள்ளவேண்டும். நீலம் பாரித்தால் ஜாஸ்தி. மேல்வீட்டு அம்மா இரண்டாம் நாளே வந்து கதவைத் தட்டினார். கைக்குழந்தைக்குப் போடும் சாக்ஸை ஜால்ராமேல் மாட்டிவிட்டால் சத்தம் அடங்கும் என்று வகுப்புத் தோழி சொல்லிக்கொடுத்தாள். ஆக மொத்தம், 46 வயதில் நாலு குழந்தை சாக்ஸ் வாங்கினேன். மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஏழாவது வாரம் முடிந்து, எல்லாப் பரீட்சையிலும் எட்டு ஒன்பது வாங்குகிறேன் என்ற தெம்பில், வகுப்பில் போடும் பழைய எகிப்திய ஆர்க்கெஸ்ட்ரா துண்டு ஒன்றை ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. காலி இடமே இல்லை! பாட ஆடியோவில் துடைத்து வைத்த மாதிரி இருந்த 3, 6, 8ஆவது இடத்திலெல்லாம் தப்லாக்காரர் 'டெக்கா டெக்கா டெக்' என்று நிரப்பிவிடுகிறார். போதாததற்கு நாலு வரிக்கு ஒருதரம் தாளமே மாறுகிறது. மேடைத் துண்டுகள் அப்படித்தானாம். மல்ஃபூஃபில் உள்ளே வந்து, மக்ஸூமில் நடந்து, ஒரு இடத்தில் நிதானித்து, திடீரென்று ஸயீதிக்குத் தாவி, மறுபடி மல்ஃபூஃபில் வெளியே போகும். ஒவ்வொரு தாளத்தையும் தனித்தனி டப்பாவில் போட்டுக் கொடுத்தார்களே தவிர, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுவதைக் காட்ட ஒரு வீடியோகூட இல்லை. நீச்சலைத் தொட்டியில் கற்றுக்கொடுத்து ஆற்றில் இறக்கிவிட்ட கதை.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில். 'தொடர்ந்து பயிற்சி செய்யுங்கள், வந்துவிடும்.' கடைசியில் ஒரு பூ எமோஜி.

வகுப்பு டீச்சரிடம் கேட்டபோது ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "தப்லாவை விடுங்க, தொஹோலாவைக் கேளுங்க." தொஹோலா என்பது தப்லாவின் பெரிய அண்ணன், அதே கோப்பை வடிவம், அகன்ற முகம், அடித்தொண்டைக் குரல். முன்னால் தப்லா அலங்காரம் செய்துகொண்டிருக்க, பின்னால் தொஹோலா டும்மை அதனதன் இடத்தில் போட்டுக்கொண்டே இருக்கும். ரிக் என்ற சின்னக் கஞ்சிரா மேலே சலசலக்கும். மூன்று தட்டாகப் பிரித்துக் கேட்கப் பழகியதும், அந்த நெரிசலுக்குள் எலும்புக்கூடு தெரிய ஆரம்பித்தது. 24 வீடியோவில் தொஹோலா என்ற சொல்லே ஒருதரம்கூட வரவில்லை என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஹோசாம் ரம்ஸியின் வாசிப்பைக் கேட்கச் சொன்னதும் டீச்சர்தான். கெய்ரோக்காரர், 2019இல் காலமானார். நடனக்காரர்களை மனதில் வைத்தே நிறையப் பதிவு செய்திருக்கிறார், அதனால் டும் புதைந்துபோகாமல் கேட்கிறது. எட்டாம் வாரத்துக்குப் பதில் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். முதல் ஐந்து வாரத்துக்கு மட்டும் என்றால் நாலரைகூடக் கொடுப்பேன். ஏற்கெனவே மிருதங்கமோ தபேலாவோ வாசிப்பவர்கள் வாங்கவேண்டாம், ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டுக் காசு தண்டம் என்பார்கள். ஆடத் தெரியும், ஆனால் எதன்மேல் ஆடுகிறோம் என்று தெரியாது என்ற என் கட்சிக்காரர்கள் வாங்கலாம். தள்ளுபடி வந்தால் ஜால்ரா இல்லாத பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பணம் திரும்ப வாங்க 14 நாள்தான் அவகாசம், நீங்கள் இரண்டாம் வாரத்தில் அழுதுகொண்டிருக்கும்போதே அது முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

8 வாரப் பாடம் எனக்கு 14 வாரம் ஆனது. இப்போது கடைசி வீடியோவில் நிற்கிறேன், துருக்கியின் கர்ஷிலாமா தாளம். ஒன்பது எண்ணிக்கை: இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. முதல் மூன்று இரண்டும் சுகமாக நடக்கிறது. அந்தக் கடைசி மூன்றில் என் வலது கால் தரைக்கு வரும்போது, வீடியோவில் இருக்கும் பெண் அடுத்த சுற்றை ஆரம்பித்துவிடுகிறாள்.